இரவல் ரத்தம்

தலைமையாசிரியையின் மேசைமேல் உடைந்த முக்காலி ஒன்று இருந்தது. ஒரு கால் பெயர்ந்து தனியாகப் பக்கத்தில் கிடந்தது. கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்த ஆள் மாதிரி அது மடிப்பக்காவையே முறைத்துக்கொண்டிருந்தது.

மடிப்பக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. ஆளுயர விரிப்பைத் தன்னந்தனியாகப் பிடித்து, நாலு முனையும் இம்மி பிசகாமல் உட்கார வைத்துவிடுவாள். எந்தக் கறையை எந்த மடிப்புக்குள் தள்ளினால் வெளியே தெரியாது என்பதும் அவளுக்கு அத்துப்படி.

"கணக்கு சாருக்கு மணிக்கட்டுல விரிசல்," என்றார் தலைமையாசிரியை. "ஆறு வாரம் கட்டு. உங்க பொண்ணு தப்பாப் போட்ட கணக்கை வகுப்புல படிச்சுக் காட்டினார். அது தப்புதான், நானும் சொன்னேன். அதுக்காக முக்காலியைத் தூக்கி எறியறதா?"

"பெரிய தப்புங்க மேடம்."

"எறிஞ்சதைக்கூட விடுங்க. எறிஞ்ச மறு நிமிஷமே ஓடிப்போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சார் வலிக்குதா, வலிக்குதா'ன்னு அழுதிருக்கா. தன் கைக்குட்டையால அவளே கட்டும் போட்டிருக்கா. எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். முரடு பார்த்திருக்கேன், திமிர் பார்த்திருக்கேன். இது எதுல சேர்த்தின்னே புரியலை."

கதவுக்கு வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. வீட்டில் பாப்பா, பள்ளிக்கூடத்தில் வெடி. யார் வைத்த பெயரோ, வாட்ச்மேன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவளுக்கு ஒன்பது வயது ஆனது. சொன்னது மறக்கும், காத்திருக்க வராது, கோபம் வந்தால் கை முந்தும். மூன்று பள்ளிக்கூடம் கைகழுவிவிட்டன. இது நாலாவது.

"வெள்ளிக்கிழமை கமிட்டி," என்றார் தலைமையாசிரியை. "வாத்தியாரைக் காயப்படுத்தினா டி.சி.யைக் கையில கொடுத்து அனுப்பணும். விதி அப்படி. இங்கேயும் போச்சுன்னா சுத்துவட்டாரத்துல யாரும் சேர்த்துக்க மாட்டாங்க, அது உங்களுக்கே தெரியும்." அவர் குரல் தணிந்தது. "ஒரே ஒரு வழி இருக்கு. உடம்பு சம்பந்தமான காரணம் இருந்தா தனிக் கவனிப்புல வெச்சுக்கலாம்னு அதே விதியில ஒரு வரி இருக்கு. சின்ன வயசுல தலையில அடி, வலிப்பு, பெரிய காய்ச்சல்... யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்லைங்க மேடம். ஆரோக்கியமா வளர்ந்த பொண்ணு."

யோசிக்காமலே வந்து விழுந்தது பதில். பதினாலு வருடப் பழக்கம் அது. வாசல் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகுதான் மடிப்பக்காவுக்கு உறைத்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருத்தர் கூப்பிட்டிருக்கிறார். தானே அதை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் புருஷன் பேட்டரிக்காரர். செத்துப்போன வண்டி பேட்டரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, புதுசாக வார்த்து மறுபடி உயிர் கொடுக்கிற தொழில். கல்யாணமான புதிதில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு துணித்திரை. திரை எந்த நிறத்தில் வாங்கியதாக இருந்தாலும் ஒரே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும்.

ஈயம் கெடுதல் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும். பால். தினமும் பால் குடித்தால் ஈயம் உடம்பில் தங்காமல் இறங்கிவிடும். யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவார்கள், ஆனால் ஆறு ஆளுக்கும் காலை பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால் தவறாது. காய்ச்சிக் கொடுப்பது மடிப்பக்காவின் பொறுப்பு. ஈயம் உருக்குகிற அடுப்புதான் நாள் முழுக்க எரிகிறதே, பாலுக்கென்று தனியாக இன்னொன்றைப் பற்றவைப்பானேன்? சட்டியின் ஓரத்தில் பால் குண்டானை வைத்துவிடுவாள். ஆடையில் லேசாகச் சாம்பல் படிந்திருக்கும். ஊதித் தள்ளிவிட்டு ஊற்றுவாள்.

பாப்பா தவழ ஆரம்பித்ததும் அவளுக்குப் பயம் வந்தது. குழந்தை பட்டறைத் தரையெல்லாம் புரண்டு, கையை வாயில் வைத்துக்கொண்டு கிடந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால் குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டாமா? பாப்பாவுக்கு மட்டும் ரெண்டு டம்ளர்.

பாப்பாவுக்கு ரெண்டரை வயதாகும்போது சுகாதார நிலையத்திலிருந்து தெருவுக்கு வந்தார்கள். பதினொரு குழந்தைகளின் விரலில் குத்தி, சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தைத் தாண்டினாலே ஆபத்து என்று சொன்ன இடத்தில் பாப்பாவுக்கு நாற்பத்தெட்டு. விரல் நுனி அழுக்கு கலந்திருக்கலாம், அதனால் கை நரம்பில் எடுத்து இன்னொரு தரம் பார்க்கணும் என்றாள் நர்சம்மா. அதிலும் ஏறியிருந்தால் பட்டறைக்குச் சீல்.

பேட்டரிக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆறு ஆளும் திரைக்கு அந்தப் பக்கம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடிப்பக்காவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. நம்பரைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. நம்பர் வேறு, நோய் வேறு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

நாலு தெரு தள்ளி ஒரு தையல்காரி இருந்தாள். அவளுக்கும் அதே வயதில் ஒரு பெண். "கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன், பாப்பாவுக்குத் துணையா இருக்கும்" என்று கேட்டு மடிப்பக்கா அந்தக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் தூங்கவைத்துவிட்டு, இரவல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சுகாதார நிலையம். ஊசி ஏறியதும் குழந்தை "அம்மா" என்று அலறியது.

"இதோ இருக்கேன்டா கண்ணு," என்றாள் மடிப்பக்கா.

முடிவு மூன்று. வெறும் மூன்று.

பேட்டரிக்காரர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கு இன்றுவரை உண்மை தெரியாது. தையல்காரி கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டாள். பாப்பாவுக்கு ஐந்து வயதானபோதுதான் மடிப்பக்கா குடும்பம் வேறு தெருவில் வீடு பார்த்துப் போனது. இடைப்பட்ட ரெண்டரை வருடம் பாப்பா அதே தரையில் விளையாடினாள், அதே பாலைக் குடித்தாள். நம்பர்தான் நன்றாக இருக்கிறதே என்று மடிப்பக்காவே சில நாள் நம்பினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சபை கூடிவிட்டது. பேட்டரிக்காரர் பாயில். அவர் தம்பி மனைவி, கைக்குழந்தையோடு வாசற்படியில். பட்டறையின் பின்பக்கக் குடித்தனத்தில் இப்போது இருப்பது தம்பி குடும்பம்தான். பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. கன்னத்தில் வாகாகக் கரி அப்பியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆச்சரியமில்ல," என்றார் பேட்டரிக்காரர். "உங்க அப்பா பந்தியில இலையைத் தூக்கி அடிச்ச ஆளு. அந்த ரத்தம் எங்க போகும்?"

"எங்க அப்பா அடிச்சது உங்க மாமா மேல. அவர் பேசின பேச்சுக்குத் தூணைப் பிடுங்கி அடிச்சிருக்கணும்."

"பாத்தியா, பாத்தியா! இதைத்தான் சொல்றேன்."

"அண்ணி, நீங்க விடுங்க," என்றாள் தம்பி மனைவி. "அந்த வாத்தியார் மூஞ்சியைப் பாத்தா எனக்கே முக்காலி எடுக்கத் தோணும். பாப்பா, என்னடி ஆச்சு உனக்கு? சொல்லேன்."

மகள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "தெரியல சித்தி. எறியணும்னு நினைக்கல. கையில முக்காலி இருந்ததே எறிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"ஆமா, முக்காலி தானா நடந்து வந்து உன் கையில ஏறிச்சு," என்றார் அப்பா.

மகளின் முகம் சிவந்தது. கையிலிருந்த டம்ளர் நசுங்குகிற மாதிரி விரல்கள் இறுகின. மடிப்பக்கா எழுந்து போய் டம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டாள். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உடம்புல ஏதாவது கோளாறு இருக்குமோன்னு மேடம் கேட்டாங்க," என்று மெல்ல ஆரம்பித்தாள் மடிப்பக்கா. "ஈயத்தால இப்படியெல்லாம் வரும்னு..."

"எந்த ஈயம்?" பேட்டரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சர்க்காரே ரத்தம் எடுத்துப் பார்த்து மூணுன்னு எழுதிக் கொடுத்திருக்கு. பால் குடிச்ச உடம்பு அது. தங்கம்."

"அதானே," என்றாள் தம்பி மனைவி. "நானே இங்க குடிவர பயந்தேன் அண்ணி. அந்தச் சீட்டைக் காட்டித்தான் இவங்க என்னைச் சம்மதிக்க வெச்சாங்க. பாப்பாவே இங்கதான் வளர்ந்தா, அவளுக்கே ஒண்ணும் ஆகலைன்னு."

மடியிலிருந்த பையன் தன் கட்டைவிரலை ருசித்துச் சப்பிக்கொண்டிருந்தான். மடிப்பக்கா அவன் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி வைத்துக்கொண்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. சலவைக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அதே நர்சம்மா. தலை நரைத்து, மேசைக்குப் பின்னால் தனி நாற்காலிக்கு வந்திருந்தாள்.

"உன்னை மறப்பேனா?" என்றாள் நர்சம்மா. "மூணு நம்பர் பாப்பா! எப்படி இருக்கா?"

"நல்லாயில்ல."

பள்ளிக்கூடக் கதையைச் சொன்னாள். முக்காலி, கட்டு, கமிட்டி எல்லாம். "சின்ன வயசுல ஈயம் ஏறினா பெரியவளானப்புறம் இப்படி வருமா நர்சம்மா?"

"வரும்னு சொல்றாங்க. கவனம் நிக்காது, படிப்பு ஏறாது, பொசுக்குனு கோவம் வரும். ஆனா ஒரு பிள்ளையைக் காட்டி இது ஈயத்தாலதான்னு யாரும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ண முடியாது. எவ்வளவு அதால, எவ்வளவு சுபாவத்தாலன்னு பிரிக்க முடியாது. உனக்கு ஏன் அந்தக் கவலை? உன் பொண்ணுக்குத்தான் ஏறலையே."

"இப்ப ரத்தம் எடுத்தா தெரியுமா?"

"பட்டறையை விட்டுப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே. ரத்தத்துல இருந்ததெல்லாம் எப்பவோ இறங்கியிருக்கும். இப்ப எடுத்தா இப்ப உள்ளதுதான் தெரியும். அப்ப என்ன இருந்துச்சுன்னு அப்ப எழுதினதுதான் சொல்லும். அப்ப எழுதினது மூணு." நர்சம்மா சிரித்தாள். "உனக்கு ஒண்ணு சொல்லவா? அந்த மூணுதான் எங்க தலைவலியையே தீர்த்துச்சு. பதினொரு பிள்ளையில எட்டுப் பிள்ளைக்கு நம்பர் ஏறியிருந்துச்சு. நரம்புல எடுத்துப் பாக்கலாம்னு கூப்பிட்டா உன்னைத் தவிர ஒருத்தரும் வரல. உன் பொண்ணுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். அதுவே மூணுக்கு இறங்கினதும் பெரிய டாக்டர் என்ன எழுதினார் தெரியுமா? விரல் தூசி, எல்லா முடிவும் தப்பு, மேற்கொண்டு பாக்க வேண்டியதில்லைன்னு. ஃபைலை மூடியாச்சு."

மடிப்பக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டுக் கறையை மடித்து உள்ளே தள்ளியதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். தெருவையே சேர்த்து மடித்திருக்கிறாள். அந்தப் பதினொரு பேரின் முகமும் ஒவ்வொன்றாக வந்தது. மூன்று பேரைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஒருத்தன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக அலைகிறான். ஒருத்தி எட்டாவதோடு நின்றுவிட்டாள். இன்னொருத்தன் கூடப்பிறந்த தம்பியையே கழியால் அடித்தவன்.

"அது அவ ரத்தம் இல்ல நர்சம்மா."

"எது?"

"மூணு. அது தையல்காரி பொண்ணோட ரத்தம். நான் இரவல் வாங்கிட்டு வந்தேன்."

நர்சம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மான்னு கூப்பிட்டுச்சே," என்றாள். "நீ இதோ இருக்கேன்னு சொன்னியே. நான் என் காதால கேட்டேனே."

"ஆமா."

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு. ஏன்டி இப்ப வந்து சொல்ற? பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் வேணும்கிறதுக்காகக் கட்டுக்கதை விடுறியா?"

"கட்டுறதா இருந்தா இதுல என்னை நானே மாட்டி விட்டுக்குவேனா?"

"அதுவும் சரிதான்." நர்சம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். ஆனால் பேனாவைக் கொடுக்கவில்லை. "இப்ப வாயால சொன்னது இந்த ரூமோட போகட்டும்னா போகும். எழுதினா நான் சீல் வெச்சு மேல அனுப்பித்தான் ஆகணும். பட்டறைக்கு ஆள் வரும். உன் பேர்ல கேஸ்கூட வரலாம். என் பேரும் நாறும். இவ்வளவு பண்ணியும் உன் பொண்ணுக்கு ஏறியிருந்துச்சுன்னு இந்தக் காகிதம் நிரூபிக்காது. அந்த மூணு அவளோடது இல்லைன்னு மட்டும்தான் சொல்லும். அதுவும் உன் வார்த்தை. யோசிச்சுக்கோ."

மடிப்பக்கா யோசித்தாள். எழுதாவிட்டால் நாளை மகள் தெருவுக்கு வந்துவிடுவாள். எழுதினால் புருஷன் தெருவுக்கு வந்துவிடுவார். எழுதியும் மகளுக்கு இடம் கிடைக்காமல் போனால் எல்லோரும் தெருவில். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் முட்டியது. அப்போது கட்டைவிரல் சப்புகிற அந்தப் பையனின் கரி அப்பிய கன்னம் ஞாபகம் வந்தது. மூன்று என்ற சீட்டை நம்பிக் குடிவந்த கன்னம்.

"பேனா கொடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் மூன்று பேர். நடுவில் தாளாளர், ஒரு பக்கம் தலைமையாசிரியை, மறுபக்கம் கையைக் கழுத்தில் தொங்கவிட்ட கணக்கு சார். மகள் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் மடிப்பக்காவுக்குச் சபலம் தட்டியது. கேட்டால் அனுப்பியிருப்பார்கள். கேட்கவில்லை.

சீல் வைத்த தாளை நீட்டினாள். தாளாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"வேற பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்களா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"பட்டறையை மூடிடுவாங்கன்னு."

மகள் திரும்பிப் பார்ப்பது பக்கவாட்டில் தெரிந்தது. மடிப்பக்கா திரும்பவில்லை. திரும்பினால் வாய் அடைத்துவிடும். அடுப்போரத்துப் பாலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை.

"இதுக்கு ஆதாரம்?" என்றார் தாளாளர். "இதுல நீங்க சொன்னதா மட்டும்தான் இருக்கு. சர்க்கார் ரெக்கார்டுல மூணுன்னு இருக்கு. கமிட்டி எதை நம்பறது?"

"ஆதாரம் இல்லைங்க. அதைத்தான் நானே அழிச்சுட்டேனே."

கணக்கு சார் தொண்டையைச் செருமினார்.

"சார், பிள்ளைங்க கணக்குக்கு நான் விடையை மட்டும் பாக்கறதில்ல. வழியையும் பாப்பேன். பொய் சொல்லணும்னா இந்தம்மா காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம். விழுந்துட்டான்னு சொல்லியிருக்கலாம். இவ்வளவு கேவலமான ஒரு பொய்யை யாரும் தன் தலையிலயே கட்டிக்க மாட்டாங்க." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "ஆனா, என் வகுப்புல இவ வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு. உள்ளதைச் சொல்றேன்."

முடிவு அப்படித்தான் வந்தது. டி.சி. இல்லை. வகுப்பும் இல்லை. வருடம் முடியும்வரை அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டும். ஆசிரியர்கள் வந்து பாடத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பள்ளி நேரம் முழுக்க அம்மா கூடவே இருக்கவேண்டும். அம்மா ஒரு நாள் வரவில்லையென்றாலும் ஏற்பாடு ரத்து.

"சம்மதமா?" என்றார் தலைமையாசிரியை.

"சம்மதம்," என்றாள் மடிப்பக்கா. மகளை யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனாள். வேறு யாராவது சொல்லித் தெரிவதற்குமுன் தானே சொல்லிவிட வேண்டும். பேட்டரிக்காரர் கரண்டியில் உருகின ஈயத்தை எடுத்து அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை ஊற்றுவதை நிறுத்தவில்லை. அச்சு நிரம்பி வழிந்து தரையில் ஓடியது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அவளிடம் பேசியதெல்லாம் சாப்பாடு, தண்ணீர், கதவு.

சனிக்கிழமை வேன் வந்தது. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். தம்பி பையனுக்குக் கை நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். முப்பத்தொன்று. இப்போதே கண்டது நல்லதாகப் போயிற்று, இடத்தை மாற்றிவிட்டுத் தொடர்ந்து பார்ப்போம் என்றார் டாக்டர். தம்பி மனைவி சாமானை வண்டியில் ஏற்றும்போது மடிப்பக்கா உதவிக்குப் போனாள்.

"தொடாதீங்க," என்றாள் அவள். "அண்ணின்னு இனிமே நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். நீங்க சொன்னதாலதான் என் பிள்ளை தப்பிச்சான்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லாததாலதான் அவன் மாட்டினான். அதை யாரும் சொல்லல."

மடிப்பக்கா எடுத்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை அறை திறந்தது. முன்பு பழைய வரைபடங்களும் ஓட்டைப் பந்துகளும் போட்டு வைத்திருந்த இடம். ரெண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி மதில் சுவர். மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்தியே வைக்கச் சொல்லியிருந்தார்கள். இடைவேளையில்கூட எல்லோரும் போய் முடித்த பிறகுதான் அவர்கள் வெளியே வரலாம். சலவைக்கூடத்தில் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று நாளும் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது நாள், கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?"

"எந்தப் பொண்ணு?"

"யாரு ரத்தத்தை எனக்குன்னு கொடுத்தியோ, அவ."

"ஞாபகமில்ல பாப்பா. குட்டின்னு கூப்பிடுவாங்க."

"அவ படிக்கிறாளா?"

"தெரியாது."

மகள் பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்குக் கோவம் வந்து முடிஞ்சதும் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், அடுத்த தடவை அடக்கிடணும்னு. முடியலைன்னா, அதுக்கு அடுத்த தடவைன்னு நினைப்பேன். நாம கெட்ட பொண்ணு, நல்லவளா மாறணும்னு. இப்ப நீ வந்து அது நான் இல்ல, ஈயம்னு சொல்லிட்ட. ஈயத்துக்கிட்ட போய் அடுத்த தடவை அடங்குன்னு சொல்ல முடியுமா? உள்ள அடக்கறதுக்கு நான்னு யாராவது இருக்கேனா, இல்ல மொத்தமும் அதுதானா?"

"நர்சம்மா அப்படிச் சொல்லல. எவ்வளவு அதால, எவ்வளவு..."

"நர்சம்மாவைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

பதினாலு வருடமாக எல்லாக் கேள்விக்கும் அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது.

"எனக்குத் தெரியல பாப்பா," என்றாள்.

"தெரியலையா? தெரியாமத்தான் ரெண்டு டம்ளர் ஊத்தினியா?"

ஜாமெட்ரி பெட்டி பறந்தது. மடிப்பக்காவின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதித் திறந்து, காம்பஸும் அளவுகோலும் தரையெல்லாம் சிதறின. மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவைத் திறந்து தனியாக வெளியே கால் வைத்தால் எல்லாம் முடிந்தது. பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்று, யாரோ காது கொடுப்பது தெரிந்தது. மடிப்பக்கா எழுந்திருக்கவில்லை. "இரு" என்றும் சொல்லவில்லை.

மகள் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஒன்று, ரெண்டு என்று உதடு அசைந்தது. இருபதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தாழ்ப்பாளிலிருந்து கை மெதுவாகக் கீழே இறங்கியது.

பக்கத்து அறையில் தட்டச்சு மறுபடி ஆரம்பித்தது.

மகள் குனிந்து காம்பஸைப் பொறுக்கினாள். அளவுகோலைப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"பட்டுச்சா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

மடிப்பக்கா தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். காது மடலில் ஒரு கீறல், ஒரு பொட்டு ரத்தம். மகள் அதையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கைக்குட்டையை பாட்டில் தண்ணீரில் நனைத்து அங்கே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. மடிப்பக்கா அசையவில்லை.

"எனக்கு உன்மேல கோவம் தீரல," என்றாள் மகள்.

"ம்."

"நாளைக்கும் தீராது."

"சரி."

இடைவேளை மணி அடித்தது. வராந்தாவில் நூறு கால்கள் திமுதிமுவென்று ஓடின. யாரோ போகிற போக்கில் கதவில் ஒரு குத்து விட்டு, "வெடி!" என்று கத்திவிட்டுப் போனான். மகளின் விரல்கள் கைக்குட்டைக்குள் இறுகின. மடிப்பக்கா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். சத்தம் அடங்கட்டும் என்று இருவரும் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.